காலையில் மட்டும் நின்றுபோன கார்

மெக்கானிக் பாஸ், நீங்கள் என் காரைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தீர்கள்.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம், கல்முனையில் உங்கள் கராஜ் வாசல். காருக்குள் ஏறி இருந்து சாவியைத் திருப்பினீர்கள். எஞ்சின் உடனே பிடித்தது. ஏசியைப் போட்டுப் பார்த்தீர்கள், லைட்டைப் போட்டுப் பார்த்தீர்கள், கியரைப் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்று பார்த்தீர்கள். கார் ஒரே சீராக இரைந்துகொண்டு நின்றது. இறங்கி வந்து கையைப் பழந்துணியில் துடைத்தீர்கள். காருக்குச் சொந்தக்காரி நான் முன்னால் நிற்கிறேன். நீங்களோ எனக்குப் பின்னால் நின்ற என் மூத்த சகோதரர் காக்காவைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"கார்ல ஒரு வருத்தமும் இல்ல ஹாஜியார். ஓடுற ஆள்ட கால்லதான் வருத்தம்."

அங்கே டயர் மாற்றிக்கொண்டு நின்ற ஒருவர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். காக்கா சிரிக்கவில்லை. அவர் ஓம் என்று தலையை ஆட்டினார். அதுதான் எனக்கு மோசமாகப் பட்டது.

அந்தக் கால்

அந்தக் காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் மருத்துவிச்சி. அரசாங்க வேலை. வீடு சாய்ந்தமருதில். வேலை செய்யும் பகுதி நாவிதன்வெளிப் பக்கம், சவளக்கடையும் அதைச் சுற்றிய வயல் வீடுகளும். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போவது, பிள்ளையை நிறுப்பது, தடுப்பூசிக்கு வராதவர்களோடு சண்டை பிடிப்பது. என் ஸ்கூட்டியைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் வாய்க்கால் கட்டுகளில் அந்த ஸ்கூட்டியைத் தாங்கி நிறுத்தியது இந்தக் கால்தான். மாரியில் சேறு முழங்கால் வரை இருக்கும். ஒரு தாயின் வீட்டு வாசலிலும் நான் விழுந்தது கிடையாது.

பிறகு முதுகு போனது. பெரிய டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இனி ஸ்கூட்டியில் ஏறுவதென்றால் தன்னிடம் வர வேண்டாம் என்றார். அதனால் ஐம்பது வயது தாண்டிக் கார் பழகினேன். ஓட்டப் பரீட்சைக்கு என்னோடு இரண்டு இளந்தாரிகள் வந்தார்கள். வரும் வழியெல்லாம் எனக்குப் புத்தி சொன்னார்கள். நான் முதல் தடவையிலேயே லைசன்ஸ் எடுத்தேன். அவர்கள் இருவரையும் இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

கார் சின்னது, வெள்ளை. யப்பானில் யாரோ ஓடி அலுத்துப்போய் விட்ட கார். ஓட்டோ கியர். உள்ளே எழுதியிருப்பதெல்லாம் யப்பான் எழுத்து. என் வீட்டுக்கு வரும் ஒழுங்கை கார் நுழையாத ஒடுக்கம் என்பதால் கார் நிற்பது பின்வளவில், என் காக்கா வீட்டு ஓலைக் கொட்டிலில். வெளி ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், கூடப்பிறந்த மூத்த ஆணை நாங்கள் காக்கா என்போம். என் மாப்பிள்ளை மவுத்தாகி நான் விதவையாகிப் பல வருடம். அதன் பிறகு என் வீட்டுக் கூரை ஒழுகினாலும் காக்காதான், கிணறு வற்றினாலும் காக்காதான். காரின் இரண்டாவது சாவியும் அவரிடம்தான்.

பெட்டரி மாற்றிய பிறகு

ஒரு நாள் காலை சாவியைத் திருப்பினேன். கார் முனகக்கூட இல்லை. பெட்டரி செத்துவிட்டது.

கராஜ் பாஸ் புதுப் பெட்டரியோடு வந்தார். பழையதைக் கழற்றினார், புதியதைப் பூட்டினார். பத்து நிமிடம் கூட ஆகவில்லை. காருக்குள் இருக்கும் மணிக்கூடு ஒரு மணி என்று மினுங்கியது. மணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மிஸ் என்றார். அதை எப்படி வைப்பது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் கையில் போன் இருக்கிறது, கார் மணிக்கூடு எனக்கு என்னத்துக்கு என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் தொடங்கியது.

ஓடும் போது ஒன்றுமில்லை. வேகத்தைக் குறைத்து பிரேக்கில் கால் வைத்தால் போதும். எஞ்சின் சத்தம் தாழும், எஞ்சின் வேகம் காட்டும் முள் கீழே விழும், கார் ஒரு முறை நடுங்கும், பிறகு மௌனம். சிவப்பு லைட்டுகள் எல்லாம் எரியும். ஸ்டார்ட் பண்ணினால் பிடிக்கும். அடுத்த சந்தியில் திரும்பவும் அதே கதை. கடைத்தெருச் சந்தியில் ஒரு பஸ்ஸுக்கு முன்னால் நின்றது. கிட்டங்கித் தாம்போதியில், தாழ்ந்த பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர், எதிரே நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம், வழி விடுவதற்காக ஓரம் கட்டினேன், அங்கேயும் நின்றது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன. அப்படி அடித்தால் எஞ்சின் பயந்து பிடித்துவிடும் என்று நினைத்தார்கள் போல.

பின்னேரம் வீட்டுக்குத் திரும்பும் போது கார் ஒரு இடத்திலும் நிற்காது.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் ஒருவர். பிளக்கை மாற்று என்றார் இன்னொருவர். கண்ணூறு என்றாள் பக்கத்து வீட்டுப் பெண், மிளகாய் சுற்றிப் போடவும் வந்துவிட்டாள். நான் விடவில்லை. காருக்கு மிளகாய் சுற்றினால் அந்தப் புகைக்கு எனக்குத்தான் இருமல் வரும்.

ஒரு காலையில் காக்காவை வங்கியில் இறக்கிவிட ஏற்றிக்கொண்டு போனேன். லொறி ஒன்றுக்கு முன்னால் கார் நின்றது. லொறி எங்கள் கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளித்தான் பிரேக் பிடித்தது. காக்கா இரண்டு கையாலும் முன் பலகையைப் பிடித்துக்கொண்டு, கடைசி நேரம் வந்துவிட்டது என்று கலிமா சொன்னார். அன்று பின்னேரமே என்னை கராஜுக்கு அழைத்துப் போனார். அங்கே நடந்ததைத்தான் மேலே எழுதினேன்.

வீட்டுக்குத் திரும்பினோம். காரை அவர் வாசலில் நிறுத்தியதும் சொன்னார்.

"தங்கச்சி, இனிக் காணும். அக்கரைப்பற்றில ஒருத்தர் கார் தேடுறாரு. ஞாயித்துக்கெழம பின்னேரம், அசறுத் தொழுகைக்குப் பொறகு வரச் சொல்லுறன். நீ பென்சன எடுத்துட்டு வீட்ட இரி."

"இது ஆர்ட காரு காக்கா?"

"ஒன்ட காருதான். மவுத்தும் ஒன்டதான். ஆனா அத நான் பார்த்துட்டு இரிக்க ஏலா."

ஞாயிறு வரைக்கும் பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன்.

கார் போனால் எனக்கு வேலையும் போகும். நான் போகிற வயல் வீடுகளுக்கு பஸ் இல்லை. ஓய்வு பெற இன்னும் சில வருடம் இருந்தது. அந்த மாதம் என் குறிப்புக் கொப்பியில் இரண்டு பெண்களுக்கு நாள் கிட்டியிருந்தது. ஒருத்திக்கு இது முதல் பிள்ளை, தாயும் இல்லை. நீங்கள் வருவீங்கதானே மிஸ் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். வருவேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியிருந்தேன்.

காருக்கு ஒரு கார்ட்

கிளினிக்கில் ஒரு சங்கதியைப் பல வருடமாகப் பார்க்கிறேன். பிள்ளை மெலிந்தால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் உடனே தாயின் பாலைக் குறை சொல்வார்கள். மாமி சொல்வாள், மதினி சொல்வாள், பிள்ளையைத் தூக்காத தகப்பனும் சொல்வான். தாய் குனிந்துகொண்டு இருப்பாள். நான் யார் முகத்தையும் பார்க்க மாட்டேன், பிள்ளையின் நிறைக் கார்டைத்தான் பார்ப்பேன். எந்த மாதம் வரை நிறை ஏறியது, எந்த மாதம் கோடு படுத்தது, அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது. பாதிப் பேருக்குப் பாலில் பிழையே இருக்காது. பிள்ளைக்குக் காதில் சீழ் வந்திருக்கும். யாரோ வாழைப்பழத்தை வாயில் தீத்தியிருப்பார்கள்.

அன்று இரவு சாப்பிட இருந்த போது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஊர்த் தாய்மாருக்கெல்லாம் செய்கிறதை எனக்கு ஏன் செய்யவில்லை?

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பழைய நிறைக் கார்டை எடுத்து அதன் பின்பக்கத்தில் கோடு போட்டேன். இடம், நேரம், கார் எத்தனை தரம் நின்றது. எழுதுகிற நேரம் கண்ணுக்கு முன்னால் உள்ளதை எல்லாம் எழுதுவது என் பழக்கம். அதனால் கார் மணிக்கூடு காட்டியதையும் எழுதினேன், அது பிழையான நேரம் என்று தெரிந்துகொண்டே.

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாளும் காலை ஏழே காலுக்குப் புறப்பட்டேன். மூன்று நாளும் சவளக்கடைக்குப் போய்ச் சேர முதல் நாலு, ஐந்து தரம் கார் நின்றது. பகல் வீடு வீடாகப் போகும் போது ஒரு தரம் நிற்கும், சில நேரம் அதுவும் இல்லை. பின்னேரம் ஒரு தரமும் இல்லை. அடுத்த நாள் காலை திரும்பவும் நாலு தரம்.

காலையில் பிரேக்கை மிதிப்பதும் இந்தக் கால்தான். பின்னேரம் மிதிப்பதும் இதே கால்தான். காலுக்கு நேரம் தெரியுமா? அதோடு இது ஓட்டோ கியர் கார். பிரேக்கை எப்படி மிதித்தாலும் எஞ்சின் நிற்கக் கூடாது. பாஸ் இதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டி வந்தது.

பின்னால் எண்ணினேன்

வியாழன் பொழுது பட்டதும் மஃரிப் தொழுதுவிட்டு பிளேன்டீயோடு கார்டை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். கண் மணிக்கூட்டு வரிசையில் நின்றது.

மூன்று நாளும் போனில் நேரம் ஏழே கால். கார் மணிக்கூடு செவ்வாய் காட்டியது இரண்டே முக்கால். புதன், இரண்டு இருபது. வியாழன், மூன்றுக்கு எட்டு நிமிடம் குறைவு.

மணிக்கூடு பிழை என்றால் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு பிழையாக இருக்க வேண்டும். இது நாளுக்கு ஒரு பிழை. ஆனால் ஒரே நாளுக்குள், காலையிலிருந்து பின்னேரம் வரை, பிழை மாறவே இல்லை. அதாவது இரவில்தான் ஏதோ நடக்கிறது.

பாஸ் புதுப் பெட்டரி பூட்டியதும் இந்த மணிக்கூடு ஒரு மணியிலிருந்து தொடங்கியது எனக்கு ஞாபகம் வந்தது. மின்சாரம் இல்லாமல் போய்த் திரும்ப வந்தால் அது ஒரு மணியிலிருந்துதான் தொடங்கும். அப்படியானால் இந்த மணிக்கூடு ஒவ்வொரு நாளும் காலையில் பிறக்கிறது. எப்போது பிறந்தது?

பின்னால் எண்ணுவது எங்கள் தொழில். ஒரு பெண் கடைசியாக மாதவிலக்காகிக் குளித்த நாளைச் சொன்னால் போதும், கரு எப்போது தங்கியது என்று சொல்லிவிடுவோம். செவ்வாய் இரண்டே முக்காலில் ஒரு மணியைக் கழித்தால் ஒன்றே முக்கால் மணித்தியாலம். ஏழே காலிலிருந்து அதைக் கழித்தால் ஐந்தரை. வியாழன், ஐந்து இருபத்து மூன்று. புதன் மட்டும் ஆறுக்கு ஐந்து நிமிடம் குறைவு.

புதன் ஏன் பிந்தியது? கோப்பையைக் கீழே வைத்தேன். புதன்கிழமை விடியற்கால சுபஹ் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் வெளியூர் மௌலவி ஒருவரின் பயான், மார்க்கச் சொற்பொழிவு, நடந்தது. ஒலிபெருக்கியில், நான் அடுப்பு மூட்டிய குசினி வரை கேட்டது. அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

என் காரை ஒவ்வொரு நாளும் பிறப்பிக்கிறவர் பள்ளியிலிருந்து நேரே வருகிறார். பயான் இருந்தால் இருந்து கேட்டுவிட்டு வருகிறார். அவரிடம் சாவியும் இருக்கிறது.

சுபஹுக்குப் பிறகு

வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டுக் குசினிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து கொட்டில் தெரியும். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. காக்கா தொப்பியோடு வந்தார். பொனட்டைத் திறந்தார், குனிந்தார், சாரத்து மடியிலிருந்து ஒரு சின்ன ஸ்பானர் சாவியை எடுத்து எதையோ முறுக்கினார். பொனட்டை மெதுவாக, சத்தம் வராமல் இரண்டு கையாலும் அமுக்கி மூடினார். நான் நித்திரை என்ற நினைப்பு.

பின்னால் போய் நின்றேன்.

"என்ன காக்கா செய்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "பெட்டரிய பூட்டுறன்."

"எப்ப கழட்டின?"

"ராவைக்கு. ஒவ்வொரு நாளும் கழட்டுறதானே."

"ஆரு கழட்டச் சொன்ன?"

"ஆரு சொல்லணும்? தோணிட பெட்டரிய கழட்டுறத்துக்கு ஆரும் வந்து சொல்றயா?"

காக்காவுக்குத் தோணி இருக்கிறது. எங்கள் கடற்கரையில் கரைக்கு வந்த தோணியில் பெட்டரியை விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. மீனை இறக்குவார்கள், பெட்டரியைக் கழற்றுவார்கள், தோளில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். விட்டால் களவு போகும், போகாவிட்டால் உப்புக்காற்று தின்னும். முன்னொரு காலத்தில் காக்கா ஒரு நாள் அசதியில் விட்டுவிட்டு வந்தார். விடியப் போன போது வயர் இரண்டும் வெறுமனே தொங்கியது. அதன் பிறகு பூட்டிய பெட்டரி ஒன்று வளவில் இருந்தால் அவருக்கு நித்திரை வராது.

காரின் பழைய பெட்டரி செத்ததும் அவர் தனக்குள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். வயரைக் கழற்றாமல் விட்டதால்தான் செத்தது. புதியதையாவது காப்பாற்ற வேண்டும். இரவு சாப்பிட்டுவிட்டு வந்து கழற்றுவார், சுபஹ் தொழுதுவிட்டு வந்து பூட்டுவார். ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சல் நாளிலும் செய்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. இரவில் வாசல் கடப்பை மூடுவதை ஒருவருக்குச் சொல்வோமா என்று கேட்டார்.

நான் கார்டைக் காட்டினேன். மணிக்கூட்டைக் காட்டினேன். மின்சாரம் போனதும் மணிக்கூடு எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது, எஞ்சினும் அப்படித்தான் எதையோ மறக்கிறது, பகல் முழுக்க ஓடிப் பழகுகிறது, இரவு நீங்கள் கழற்றியதும் திரும்பவும் மறக்கிறது என்றேன்.

"காருக்கு என்ன மறதி?" என்றார் காக்கா. "அது இரும்பு."

பிறகு கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த ஸ்பானர் சாவியை மடியிலிருந்து எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரைத் திட்ட வேண்டும் என்று வந்தவள் நான். திட்டு வாய் வரை வந்தது. அவர் கொட்டிலைத் தாண்டிப் போகும் போது தோள் ஒரு பக்கம் தாழ்ந்திருப்பதைப் பார்த்தேன். இவ்வளவு வருடம் பெட்டரி தூக்கிய தோள். விட்டுவிட்டேன்.

கால் மணித்தியாலம்

வெள்ளிக்கிழமை கராஜ் திறக்காது. சனிக்கிழமை காலை போனேன். காக்காவும் வந்தார். இந்த முறை அவர் எனக்குப் பின்னால் நிற்கவில்லை, காருக்குள்ளேயே இருந்துகொண்டார்.

பாஸ் கார்டை வாசித்தார். எண்ணெய்க் கையால் தொடாமல் மேசையில் வைத்து வாசித்தார், அதைச் சொல்ல வேண்டும். எனக்கு விளங்கும்படி விளக்கமும் சொன்னார். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாய் ஒன்று இருக்கிறது. பழைய கார், அந்த வாயில் கரி பிடித்திருக்கிறது. கரி கூடக் கூட, நின்றுகொண்டு இரையும் போது எவ்வளவு திறக்க வேண்டும் என்று காரின் மூளை கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி வைத்திருந்தது. பெட்டரி கழன்றதும் பழகியது எல்லாம் அழிந்தது. அது புதுக் கார் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சமாகத் திறக்கிறது. கரி அதையும் அடைக்கிறது. மூச்சு முட்டி நிற்கிறது. பகல் ஓடினால் பழகிவிடும். நான் கராஜுக்குக் கொண்டுபோனது பின்னேரம், அது பழகி முடித்த நேரம்.

"அப்ப என்ட கால்?" என்று கேட்டேன்.

"ஓ, அப்பிடியா" என்றார். என்ன கேள்விக்கு என்ன பதில் பாருங்கள்.

கரியைக் கழுவித் தந்தார். இனி வீட்டில் செய்ய வேண்டிய ஒரு வேலையும் சொன்னார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஏசி, லைட், ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு கால் மணித்தியாலம் தொடாமல் இரைய விட வேண்டும். ஸ்டியரிங்கையும் அசைக்கக் கூடாது. அது தன்பாட்டில் பழகட்டும். அதன் பிறகு ஏசியைப் போட்டு இன்னும் கொஞ்ச நேரம்.

கேட்க இலேசான வேலை. ஆனால் சாய்ந்தமருதில் ஒரு காரைக் கால் மணித்தியாலம் தொடாமல் விடுவது நடக்கிற காரியமா? கொட்டில் வாசலில் எஞ்சின் இரைகிறது என்றால் யாரோ எங்கேயோ போகிறார்கள் என்று அர்த்தம். எங்கே என்று கேட்காமல் போனால் மரியாதை இல்லை. ஐந்தாவது நிமிடம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். வெக்கையாக இருக்கே என்று உள்ளே கையை விட்டு ஏசியைத் திருகினாள். முள் துள்ளியது. நிறுத்திவிட்டு முதலில் இருந்து தொடங்கினேன். அடுத்த தடவை மீன்காரர், மோட்டார் சைக்கிளை ஓரத்தில் நிறுத்திவிட்டு, மிஸ் சாவியை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பத்திரமாகக் கொண்டுவந்து குசினியில் தந்தார். அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாம்.

மூன்றாவது தடவைக்குக் காக்கா இரண்டு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்தார். ஒன்றைக் காரின் வலப்பக்கம் போட்டார், ஒன்றை இடப்பக்கம். வலப்பக்கம் நான். இடப்பக்கம் அவர், கையில் தடியோடு. வந்தவர்களை எல்லாம் தூரத்திலேயே மறித்தார்.

"என்ன ஹாஜியார், காருக்குச் சுகமில்லயா?"

"படிக்கிது. சத்தம் போடாமப் போ."

முதலில் எஞ்சின் கூடக் குறைய இரைந்தது. முள் ஏறி இறங்கி ஏறியது. பிறகு மெல்ல மெல்லத் தாழ்ந்து ஓரிடத்தில் நின்றது. அசையவே இல்லை. முருங்கை மரத்துக் காகம் கூடப் பேசாமல் இருந்தது. நாங்கள் இருவரும் அப்படிச் சேர்ந்து சும்மா இருந்து பல வருடம் இருக்கும். எப்போது கண்டாலும் கூரையைப் பற்றிக் கதைப்போம், கிணற்றைப் பற்றிக் கதைப்போம். அன்று கதைக்கக் கூடாது என்று நாங்களே சட்டம் போட்டிருந்தோம். எனக்கு மனது நிறைந்துபோய் இருந்தது. கால் மணித்தியாலம் முடிந்த பிறகும் நான் எழும்பவில்லை. அவரும் எழும்பவில்லை.

அக்கரைப்பற்றுக்காரர்

ஞாயிறு பின்னேரம், அசறுக்குப் பிறகு, அக்கரைப்பற்று மனிதர் சொன்னபடி வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல மனிதர். காக்கா அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் ஒன்றும் சொல்லவில்லை. விற்பதா இல்லையா என்று நான் கேட்கவும் இல்லை. கார் என் பெயரில். இல்லை என்று சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் என் காலைக் குறை சொன்னதை அப்படியே விட்டுவிட்டு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏறுங்கள் என்றேன். மனிதர் முன்னால், காக்கா பின்னால். ஏசியைப் போட்டேன். காரைதீவுச் சந்தி வரை ஓடினேன். வழியில் இருக்கிற ஒவ்வொரு சந்தியிலும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். கார் நடுங்கவில்லை. ஆட்கள் கடக்கும் மஞ்சள் கோட்டில் ஆடு ஒன்று படுத்திருந்தது, அது எழும்பும் வரை நின்றேன். எஞ்சின் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்ல இரைந்துகொண்டு நின்றது. திரும்பி வந்து கொட்டிலுக்குள் ஒரே வெட்டில் விட்டேன்.

மனிதர் இறங்கிக் காரைச் சுற்றி வந்தார். நல்ல வாகனம், எடுக்கிறேன், காசு நாளைக்கே தரலாம் என்றார். நான் வாயைத் திறக்க முதல் காக்கா முந்தினார்.

"விக்கிற இல்ல."

"வரச் சொன்ன நீங்கதானே ஹாஜியார்."

"ஓம். நான்தான். டீ குடிச்சிட்டுப் போங்க."

அவருக்கு டீயும் கொடுத்து, வட்டிலப்பமும் கொடுத்து அனுப்பினோம். பாவம், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அடுத்த வாரம் அந்தத் தாயில்லாத பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே நான் போனேன். கிட்டங்கியில் ஒரு உழவு இயந்திரத்துக்கு வழி விட்டு நின்றேன், எஞ்சின் நிற்கவில்லை. பெண் பிள்ளை. நல்ல நிறை. நிறைக் கார்டில் முதல் கோட்டை நான்தான் போட்டேன்.

வாடியில் சொன்னது

இத்தோடு முடித்திருப்பேன். என் காரை நிறுத்திய மீன்காரர் வந்து ஒரு கதை சொல்லியிருக்காவிட்டால்.

கடற்கரையில் தோணிக்காரர்கள் கூடியிருக்கும் வாடியில் காக்கா கதைத்தாராம். தங்கச்சியின் கார் காலையில் மட்டும் நின்றுபோகுது, பாஸுக்கே பிடிபடவில்லை, கடைசியில் பெட்டரியில்தான் சங்கதி என்று தான்தான் பிடித்ததாகச் சொன்னாராம். முப்பது வருடம் பெட்டரியோடு கிடந்த ஆளுக்குத் தெரியாதா என்றும் சொன்னாராம். எல்லாரும் ஓம் ஓம் என்றார்களாம். என் கார்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒவ்வொரு இரவும் வயரைக் கழற்றியது யார் என்பதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

காக்கா, உங்களில் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்க வேண்டாம். இருக்கிறது. காய்ச்சலோடு எழும்பி வந்து என் பெட்டரியைக் காத்த ஆளிலும் கோபம் வைக்க எனக்குத் தெரியும்.

இந்தப் பத்திரிகை வெள்ளிக்கிழமை வாடிக்கு வரும். ஒருவர் உரத்து வாசிப்பார், மற்றவர்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்பார்கள். நீங்களும் அங்கே இருப்பீர்கள். வாசித்து முடிந்ததும் எழும்பி நில்லுங்கள். என் வீட்டுக்கு வந்து, டீ குடித்துக்கொண்டு, மெதுவாகச் சொல்ல வேண்டாம். அந்தப் பதில் எனக்குத் தேவையில்லை. அத்தனை தோணிக்காரர்களுக்கும் கேட்கச் சொல்லுங்கள்: காரை நிறுத்தியது யாருடைய கை, அதைப் பிடித்தது யாருடைய கணக்கு?